ஏவுவோனும் இயற்றுவோனும்: மோட்டார் சைக்கிளின் மின்னமைப்புப் பற்றி ஒரு விளக்கம்

தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் சைக்கிளின் மின்கம்பிகளைப் பற்றி எழுதப் புகுந்தது என்னையோ என வாசகர் சிலர் வியத்தல் கூடும். இம்மலருக்கு இலக்கியக் கட்டுரைகள் வேண்டிய அளவு சேர்ந்துவிட்டன என்றும், மாணவரின் தொழிலறிவுக்கு உதவும் பொருளொன்றை எழுதித் தருக என்றும் மலர்க்குழுவினர் கேட்டனர். மாலை வேளைகளிற் பழைய மோட்டார் சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டுதல் என் நெடுநாட் பொழுதுபோக்கென்பது அவர்கள் அறிந்ததே. வெண்பாவிலே தளை தட்டினால் ஓசை மட்டுமே கெடும். வண்டியின் மின்கம்பியிலே தொடர்பு தட்டினால் இரவில் வழியே கெடும். ஆதலின் இப்பொருளும் ஆராய்தற்குரியதே.

பழைய மோட்டார் சைக்கிளொன்றின் கம்பித்தொகுதி முழுவதையும் உரித்தெடுத்துவிட்டு, உள்ளங்கையில் அடங்கும் பெட்டியொன்றைப் பொருத்தி, அதன்வழியே விளக்கு, ஹோண், சிக்னல், எஞ்சின் தொடக்கம் ஆகிய எல்லாவற்றையும் இயக்கும் முறையொன்று மேனாடுகளிற் பரவியுள்ளது. இதனை இலக்கமுறைக் கட்டுப்பாட்டுப் பெட்டி எனலாம். பெர்லின் நகரத்து மோட்டோகாட்ஜெட் என்னும் நிறுவனத்தாரின் எம்-யூனிற் என்பது இவ்வகையிற் பெயர்பெற்றது. நம் நாட்டிலும் இதுபற்றி அறிய விரும்புவோர் பெருகியுள்ளனர். 2020ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், இருக்கும் வண்டியைப் பேணி ஓட்டும் தேவை இங்கு மிகுந்தது. பழைய வண்டிகளின் மதிப்பும் உயர்ந்தது. ஆயினும் இப்பெட்டியை மந்திரப் பெட்டியாகக் கருதி வாங்குவோரும், வீண் ஆடம்பரமென்று தள்ளுவோருமாக இரு சாராரையே காண்கின்றேன். அஃது எதனைச் செய்கின்றது, எதனைச் செய்யாது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் பழைய முறையை அறிதல் வேண்டும். பேச்சுக்கு ஒரு வண்டி வேண்டுமாதலின், ஹொண்டா சீ. பீ. 750 என்பதனை எடுத்துக்கொள்வோம். 1968ஆம் ஆண்டு தோக்கியோ மோட்டார்க் காட்சியில் வைக்கப்பெற்று 1969இல் விற்பனைக்கு வந்த இவ்வண்டி, நான்கு உருளைகளும் 736 கன சென்ரிமீற்றர்க் கொள்ளளவும் உடையது. முன்சில்லில் தட்டுப் பிரேக்கும், பொத்தானை அழுத்தி எஞ்சினைத் தொடக்கும் வசதியும் வாய்ந்தது. உலகெங்கும் இன்றும் பலர் இதனைப் புதுக்கி ஓட்டுகின்றனர். கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்தப்பெறும் பழைய வண்டிகளுள்ளும் இஃது ஒன்று.

அதன் கம்பித்தொகுதியிலே ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு பணி உண்டு. சிவப்பு நேரே பற்றரியிலிருந்து வருவது. கறுப்பு, திறப்பைத் திருப்பிய பின்னரே மின்னோட்டம் பெறுவது. பச்சை புவித்தொடுப்பு, அஃதாவது மின்னோட்டம் வண்டியின் சட்டத்துக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் திரும்பும் வழி. முன்விளக்கின் உயர்கதிருக்கு நீலம், தாழ்கதிருக்கு வெள்ளை. இடப்புறச் சிக்னலுக்குச் செம்மஞ்சள், வலப்புறத்துக்கு இளநீலம். பச்சையில் மஞ்சட் கோடு ஓடினால் அது பிரேக் விளக்குக்குரியது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடம் வகுத்தாற்போல் இந்நிறங்களுக்குப் பணி வகுத்த ஒழுங்கு போற்றத்தக்கது. ஹொண்டாவின் ஒரு வண்டியைப் படிக்கக் கற்றவன் மற்றொரு வண்டியையும் பெரும்பாலும் படித்துவிடுவான்.

இனி முன்விளக்கு எவ்வாறு எரிகின்றது என்று நோக்குவோம். பற்றரியின் நேர்முனையினின்று புறப்படும் மின்னோட்டம் உருகியைக் கடந்து, திறப்பு ஆளியைக் கடந்து, கறுப்புக் கம்பி வழியாக ஹாண்டிலிலுள்ள விளக்கு ஆளிக்குச் சென்று, அங்கிருந்து மீண்டு முன்விளக்கின் கூட்டுக்குள் வந்து, இழையைச் சூடேற்றிப் பின் பச்சைக் கம்பியாற் சட்டத்தை அடைகின்றது. இடையிடையே எத்தனை இணைப்புகள்! உருகியின் இரு முனைகள், திறப்பு ஆளியின் தொடுகைகள், பிளாஸ்ரிக் உறைக்குள் ஒன்றையொன்று கௌவும் பித்தளைத் தகடுகள், ஹாண்டில் ஆளியின் சிறு செப்புத் தொடுகை, விளக்கின் பிடி எனப் பத்துக்கு மேற்பட்ட இடங்களில் உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றது. புதிய வண்டியில் இவற்றின் தடை புறக்கணிக்கத்தக்கது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டியில் அவ்வாறன்று. கடற்காற்று வீசும் ஊர்களிற் பித்தளை பச்சை பூத்துவிடும். கம்பியின் செப்பு இழைகள் காவலுறைக்குள்ளேயே கறுத்துவிடும்.

மாணவர்கள் ஓமின் விதியைக் கொண்டு இதனைக் கணித்துப் பார்க்கலாம். 60 வாற்று விளக்கு 12 வோல்ற்றில் 5 அம்பியர் மின்னோட்டத்தைப் பெறும். வழியிலுள்ள இணைப்புகள் யாவும் சேர்ந்து 0.3 ஓம் தடையே தருகின்றன என்று கொள்வோம். 5 அம்பியரை 0.3ஆற் பெருக்க 1.5 வோல்ற்று வழியிலே தொலைகின்றது. விளக்கை அடைவது 10.5 வோல்ற்று மட்டுமே. எட்டில் ஒரு பங்குதானே குறைந்தது என்று எண்ணுதல் தவறு. இழைவிளக்கின் ஒளி வோல்ற்றளவோடு நேர்விகிதத்திற் குறைவதன்று. ஏறத்தாழ அதன் 3.4ஆம் அடுக்கின்படி குறைவது. எட்டில் ஒரு பங்கு வோல்ற்றளவு குறைய, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளி குறைந்துவிடும். விளக்கு மங்கலாக எரிகின்றதே என்று புதிய குமிழை வாங்கி மாட்டுவோர் பலர். குமிழிற் குற்றமில்லை; அதற்குப் போய்ச் சேரவேண்டியது போய்ச் சேரவில்லை.

தொலைந்த அந்த மின்வலு எங்கே போயிற்று? வெப்பமாயிற்று. 5 அம்பியரின் வர்க்கத்தை 0.3ஆற் பெருக்க 7.5 வாற்று வரும். அத்தடை முழுவதும் ஓரிணைப்பிலே திரண்டிருப்பின், விரல்நுனி அளவான பிளாஸ்ரிக் உறைக்குள் 7.5 வாற்று வெப்பம் எரிந்துகொண்டிருக்கும். பழைய வண்டிகளின் முன்விளக்குக் கூட்டைத் திறந்தால் உருகிப் பழுப்பேறிய இணைப்பிகளைக் காண்பது இதனாலேயே. சூடேறிய இணைப்பு மேலும் கறுக்கும். கறுக்கத் தடை மிகும். தடை மிகச் சூடும் மிகும்.

இதனினும் பெரிய இடரொன்று உண்டு. சீ. பீ. 750இன் தொடக்ககால அமைப்பில் வண்டி முழுவதற்கும் 15 அம்பியர் உருகி ஒன்றே காவல். பின்சில்லுக்கு மேலே மண்காப்பின் அடியில் ஓடும் பின்விளக்குக் கம்பி உரசித் தேய்ந்து சட்டத்தைத் தொட்டுவிட்டது எனக் கொள்வோம். உருகி உருகிவிடும். அவ்வளவில் பின்விளக்கு மட்டுமா அணையும்? முன்விளக்கும் அணையும், தீப்பொறியும் நிற்கும், எஞ்சினும் நிற்கும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்வோன் ஒரு கணத்தில் முழு இருளுக்குள் இருப்பான். தெருவிளக்கில்லாத நம் வன்னிப் பாதைகளில் அவ்வாறு நேர்வதை எண்ணிப் பார்க்க. கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பற்றிய பேச்செல்லாம் அழகைப் பற்றியதன்று, இந்த ஒரு கணத்தைப் பற்றியது என்பதே என் கருத்து.

இத்துணைக் குறைகளுக்கும் மூலம் யாது? ஒரே கம்பி ஏவலையும் சுமக்கின்றது, வேலையையும் சுமக்கின்றது என்பதே மூலம். “விளக்கே, எரி” என்று சொல்லும் ஹாண்டில் ஆளியின் ஊடாகவே விளக்குக்கு வேண்டிய 5 அம்பியரும் பாய்கின்றது. நன்னூல் கற்ற மாணவர் கருத்தா இருவகைப்படும் என்பதனை அறிவர். “அதிபர் மண்டபம் கட்டினார்” என்னும்போது அதிபர் ஏவுதற் கருத்தா. “மேசன் மண்டபம் கட்டினார்” என்னும்போது மேசன் இயற்றுதற் கருத்தா. அதிபரே கல்லையும் சுண்ணாம்பையும் சுமந்தால் மண்டபமும் எழாது; கல்லூரியும் நடவாது. பழைய வண்டியின் ஆளிக்கு நேர்ந்தது இதுவே. ஈழநாட்டுத் தமிழர் மின்சாரத்தை விடுத்தும் தடுத்தும் ஆள்கின்ற கருவிக்கு ஆளி என்று பெயரிட்டமை எத்துணைப் பொருத்தம்! இலக்கியத்தில் ஆளி ஒரு கொடுவிலங்கு. நம் பாடநூலிலோ சுவரில் அடங்கியிருக்கும் சாதுவான பொருள். ஆளவேண்டிய அது சுமை சுமந்து தேய்வது முறையன்று.

ஏவலையும் வேலையையும் பிரிக்கும் எண்ணம் புதியதன்று. 1835ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி யோசேப்பு ஹென்றி இயற்றிய றிலே என்னும் கருவி இதனையே செய்தது. சிறு மின்னோட்டம் ஒரு சுருளைக் காந்தமாக்கும். காந்தம் ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு பெருமின்னோட்டத்துக்கு வழி திறக்கும். நம்மூர்க் கராஜ்களில் முன்விளக்குக்கு றிலே போடுதல் என்று வழங்கும் வேலை இதுவே; மிக நல்ல வேலை. ஆயினும் றிலேயில் அசையும் உறுப்பு உண்டு, தேயும் தொடுகை உண்டு. விளக்குக்கொன்று, ஹோணுக்கொன்று என வைத்துக்கொண்டே போனால் இருக்கையின் அடியில் இடம் போதாது.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் திரான்சிற்றர் பிறந்தது. அதே ஆய்வுகூடத்தில் 1959ஆம் ஆண்டளவில் மொகமட் அட்டல்லா, டாவொன் காங் என்னும் இருவர் உலோக ஒட்சைட்டுக் குறைகடத்திப் புலவிளைவுத் திரான்சிற்றரை உருவாக்கினர். பெயர் நீண்டதாதலின் உலகம் அதனை மொஸ்பெற் என்று சுருக்கிக்கொண்டது. இதன் வாயில் என்னும் முனையில் வோல்ற்றளவைக் காட்டினாலே போதும். மற்றிரு முனைகளுக்கிடையே மின்னோட்டம் பாயும். வாயிலை விலக்கிக் காட்டினால் நின்றுவிடும். அசையும் உறுப்பு எதுவுமில்லை. முழுதாகத் திறந்த நிலையில் அதன் தடை ஓமின் ஆயிரத்தில் சில பங்கே. நம் இயற்றுதற் கருத்தா இதுவே.

கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்க இயலாது. அதிர்வும் நீரும் புகாவண்ணம் பிசின் வார்த்து அடைக்கப்பெறுவது. உள்ளே ஒரு புறம் மொஸ்பெற்றுகள் வரிசையாக நிற்கும். நடுவே நுண்கட்டுப்படுத்தி என்னும் சிறு கணினி. மறுபுறத்தில் ஏவல்கள் வந்து சேரும் வாயில்கள். ஹாண்டிலிலுள்ள பொத்தான் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரேயொரு மெல்லிய கம்பி வரும். பொத்தானை அழுத்துகையில் அக்கம்பி புவித்தொடுப்பைத் தொடும். கணினி ஒவ்வொரு வாயிலையும் ஒரு செக்கனிற் பல முறை பார்த்து, தொட்டதா தொடவில்லையா என்னும் ஒன்றை மட்டும் அறியும். ஆம், அன்று என்னும் இரண்டையன்றி வேறொன்றையும் கொள்ளாமையாலேயே இம்முறை இலக்கமுறை எனப்பட்டது. பொத்தானின் வழியே பாய்வது அம்பியரின் ஆயிரத்தில் சில பங்கு. இத்துணைச் சிறிய மின்னோட்டத்துக்குப் பொத்தான் தேயாது, சூடேறாது. பற்றரியினின்று பெட்டிக்கு ஒரு தடித்த கம்பி; பெட்டியினின்று விளக்குக்கு ஒரு குறுகிய கம்பி. பத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் நாலைந்தாகக் குறைந்தன.

பொத்தானை விரல் ஒருமுறை அழுத்தினாலும், உலோகத் தொடுகை மிகச் சிறு நேரத்துக்குள் பலமுறை துள்ளித் துள்ளியே அமைதி பெறும். மனிதக் கண்ணுக்கு அது தெரியாது, கணினிக்குத் தெரியும். அவ்வளவையும் தனித்தனி ஏவலாகக் கொண்டால் விளக்கு அணைந்து எரிந்து அல்லற்படும். ஆதலின் தொடுகை அடங்கும்வரை சற்றே பொறுத்துப் பின்னரே ஏவலை ஏற்கும்படி அதற்குக் கட்டளை எழுதப்பட்டுள்ளது. மாணவன் கை உயர்த்தியவுடன் பெயர் சொல்லாது, உயர்த்திய கை நிலைத்ததா என்று பார்த்துக் கேட்கும் ஆசிரியரை இது நினைவூட்டும்.

உருகியின் வேலையையும் பெட்டியே ஏற்கின்றது. ஒவ்வொரு சுற்றிலும் பாயும் மின்னோட்டத்தை அளந்துகொண்டிருந்து, அளவு மீறிய சுற்றை மட்டும் இமைப்பொழுதில் துண்டிக்கும். முன்னர்க் கூறிய பின்விளக்குக் கம்பி சட்டத்தைத் தொட்டால் பின்விளக்கு மட்டுமே அணையும். முன்விளக்கு எரியும், எஞ்சின் ஓடும், ஓட்டுநர் வீடு சேர்வார். எந்தச் சுற்றிற் குற்றம் என்பதைப் பெட்டியின் முகப்பிலுள்ள சிறு ஒளிப்புள்ளிகள் காட்டும். பெட்டிக்கும் பற்றரிக்கும் இடையே மட்டும் பிரதான உருகி ஒன்று வைத்தல் கட்டாயம். அதனைத் தவிர்ப்போர் தீயோடு விளையாடுகின்றனர்.

சிக்னல் விளக்கு பற்றியும் ஒரு சொல். பழைய மினுக்கியின் உள்ளே ஈருலோகத் தகடொன்று மின்னோட்டத்தாற் சூடேறி வளைந்து தொடர்பை விடும்; ஆறி மீண்டும் தொடும். குமிழொன்று எரிந்துபோனால் மின்னோட்டம் குறைந்து தாளம் மாறும். மின்னோட்டம் மிகக் குறைவாகக் கொள்ளும் ஒளிகாலும் இருவாயி விளக்குகளைப் போட்டாலோ தகடு சூடேறாது. மினுக்கம் முற்றாகப் பிழைக்கும். பெட்டியில் தாளத்தைக் கணக்கிடுவது கணினியின் கடிகாரமாதலின் எந்த விளக்கும் ஒரே சீராக மினுங்கும். திரும்பியபின் சிக்னலை அணைக்க மறந்தால் தானே அணைக்கவும் செய்யும். இவை மெய்யான நன்மைகள். பிரேக் விளக்கைப் பலவிதமாகத் துடிக்கச் செய்தல், கைத்தொலைபேசியால் வண்டியை விழிப்பித்தல் முதலியனவும் சில பெட்டிகளில் உண்டு. அவை அணிகலன், வேண்டுவோர் பூணுக.

பொருத்தும் முறையைப் பற்றிச் சில கூறுவேன். பழைய தொகுதியை வெட்டுமுன் முழுச் சுற்றையும் ஒரு பெரிய தாளில் வரைதல் வேண்டும். நிறுவனத்தார் தரும் படத்தை அவ்வண்ணமே படியெடுத்தல் போதாது. வண்டியில் உண்மையாக உள்ளதை, முந்திய உரிமையாளர் செய்த ஒட்டுகள் உட்பட, கண்டு வரைதல் வேண்டும். இதற்கு இரண்டு மாலைப்பொழுது செல்லும். இவ்வேலையைச் செய்ய விரும்பாதவர் பெட்டி வாங்கவே வேண்டா என்பது என் துணிபு. வேலையின் பெரும்பகுதி தாளிலே நடப்பது. வண்டியில் நடப்பது மிகுதி மட்டுமே.

சீ. பீ. 750இல் ஹோண் பொத்தான் ஏற்கெனவே புவித்தொடுப்பைத் தொடும் வகையினது. அதனை அப்படியே பெட்டியின் வாயிலோடு இணைக்கலாம். விளக்கு, சிக்னல் ஆளிகளோ நேர்முனையை விடுவிப்பன. அவற்றின் இணைப்பை மாற்றல் வேண்டும், அன்றேற் புதிய பொத்தான்கள் வைத்தல் வேண்டும். எஞ்சினை நிறுத்தும் ஆளியை மட்டும் யான் பெட்டியிடம் ஒப்படைக்க மாட்டேன். தீப்பொறிச் சுருள்களுக்குச் செல்லும் மின்னோட்டத்தை நேரே அறுக்கும் பழைய ஆளியாகவே அஃது இருத்தல் நன்று. நிறுத்து என்னும் ஏவலுக்கு இடைத்தரகர் கூடாது.

இவ்வண்டியில் எளிதில் தவறவிடப்படும் நுட்பமொன்று உண்டு. இதன் மின்பிறப்பாக்கியில் நிலைக்காந்தம் இல்லை. பற்றரியினின்று மின்னோட்டம் பெற்று ஒரு புலச்சுருள் காந்தமாகி, அக்காந்தத்தால் மீண்டும் மின் பிறக்கின்றது. அச்சுருளின் தடை ஏறத்தாழ 7 ஓம். 12 வோல்ற்றில் இரண்டு அம்பியருக்குச் சற்றுக் குறைவாகப் பெறும். எவ்வளவு மின்னோட்டம் விடுவது என்பதை ஒழுங்காக்கி, கறுப்புக் கம்பியிற் காணும் வோல்ற்றளவைக் கொண்டு தீர்மானிக்கின்றது. பழைய தொகுதியில் அக்கறுப்புக் கம்பியிலேயே வோல்ற்றளவு தொலைந்தால், பற்றரி பசித்திருக்கின்றது என ஒழுங்காக்கி மயங்கி, நிறைந்த பற்றரிக்கு மேலும் மேலும் ஊட்டி அதனைக் கொதிக்கச் செய்யும். புதிதாகக் கம்பி போடுவோர் ஒழுங்காக்கியின் கம்பியைத் திறப்போடு உயிர்பெறும் வெளிவாயில் ஒன்றிலிருந்து, இடையில் வேறெதையும் செருகாமல், நேரே கொண்டுசெல்லல் வேண்டும். இதனை மறந்தால் மின்பிறப்பாக்கி மின்னே பிறப்பியாது; வண்டி பற்றரி தீரும்வரை ஓடிப் பின் நிற்கும்; பழியோ பெட்டியின் மேல் விழும்.

புவித்தொடுப்பைப் பலர் பொருட்படுத்துவதில்லை. புதுக்கிய சட்டத்திற் பூசிய வர்ணம் நல்ல காவலி. அதன்மேல் ஆணியை முறுக்கினால் மின்னோட்டம் எவ்வாறு திரும்பும்? ஓரிடத்தில் வர்ணத்தை உலோகம் தெரியச் சுரண்டி, எல்லாப் புவிக்கம்பிகளையும் அங்கே சேர்த்து, பற்றரியின் எதிர்முனைக்கும் எஞ்சினுக்கும் தடித்த கம்பியால் இணைத்தல் வேண்டும். கம்பி முனைகளை ஈயம் பற்றவைத்தே முடித்தல் நம்மவர் வழக்கம். அதிரும் வண்டியில் ஈயம் ஊறிய இடத்துக்கும் ஊறாத இடத்துக்கும் நடுவே கம்பி முறியும். அதற்குரிய சாவணத்தால் முனைத் தகட்டை இறுக்கி நெரித்தலே தக்கது.

இனி இப்பெட்டி செய்யாதன. இது மின்னைப் பிறப்பிப்பதன்று. சீ. பீ. 750இன் மின்பிறப்பாக்கி நிமிடத்துக்கு 5000 சுழற்சியில் 210 வாற்றுத் தரும். எஞ்சின் மெல்லச் சுழல்கையில் அதனினும் மிகக் குறைவாகவே தரும். பெட்டியை வைத்தமையால் இக்கணக்கு மாறாது. எரிபொருளை அளந்து தெளிக்கும் இக்கால எஞ்சின்களின் கணினியும் இதுவும் வேறு வேறு. அத்தகைய புதிய வண்டிகளில் எஞ்சினின் கணினி, முகப்புமானி, திறப்பு யாவும் ஒன்றோடொன்று செய்தி பேசிக்கொள்வன. அவற்றின் கம்பித்தொகுதியை உரித்தல் அறியாமையாகும்.

நம்மூரில் ஓடும் சிறிய பழைய வண்டிகள் பலவற்றுக்கும் இது நேரே பொருந்தாது. அவற்றுட் பல 6 வோல்ற்று; முன்விளக்கு பற்றரியை நாடாமல் மின்பிறப்பாக்கியின் ஆடலோட்டத்தில் நேரே எரிவது; எஞ்சினின் வேகத்தோடு ஒளி ஏறி இறங்குவதைக் கண்டே இதனை அறியலாம். 1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறையினருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மிதி தளர்ந்தால் செய்தி மங்கும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவர். பெட்டிக்கோ 12 வோல்ற்று நேரோட்டமும் நல்ல பற்றரியும் வேண்டும். சிறுவண்டியை அந்நிலைக்கு மாற்றுதல் அதனினும் பெரிய வேலை.

விலையையும் மறைத்தல் கூடாது. பெயர்பெற்ற பெட்டியொன்று சில நூறு யூரோ. கம்பி, முனைத்தகடு, பொத்தான் ஆகியவற்றின் செலவு வேறு. அதனினும் பெரிய விலையொன்றைப் பணத்தால் அளத்தல் இயலாது. பழைய தொகுதியிற் குற்றம் வந்தால் பரந்தனிலோ மாங்குளத்திலோ ஒரு சிறு கடையில் நிறுத்தி, மெக்கானிக் ஒருவர் பரிசோதனை விளக்கைப் பிடித்துக் கம்பியைத் தொட்டுத் தொட்டு அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். எந்தப் பாகமும் இன்றியமையாததன்று. எதற்கும் மாற்றுவழி உண்டு. போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டிய கைகள் அவை. பிசின் வார்த்த பெட்டியோ கெட்டால் அவராலும் திறக்க இயலாது. வெளிநாட்டிலிருந்து மாற்று வரும்வரை வண்டி கொட்டிலிலே நிற்கும். பத்துக் குற்றங்களை ஒழித்துவிட்டுப் பதினோராவதை நம் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கின்றோம். பெட்டி கெடுதல் அரிது என்பர், அரிதென்பது இல்லையென்பதன்று.

ஆதலின் என் முடிபு வண்டிக்கு வண்டி வேறுபடும். காவலுறை இன்னும் மெதுமையாக இருக்கும் தொகுதியாயின் அதனைக் கழற்றாதீர். இணைப்புகளைத் தூய்மை செய்து, புவித்தொடுப்பைப் புதுக்கி, முன்விளக்குக்கு ஒரு றிலே வைத்து, பின்விளக்குக்குத் தனி உருகி ஒன்று இட்டால் பெட்டியின் நன்மையிற் பாதிக்குமேல் மிகச் சிறு செலவிற் கிடைத்துவிடும். உறை வெடித்து, செப்பு கறுத்து, நாலு பேர் நாலு நிற நாடா சுற்றிய தொகுதியாயின், அதே வடிவிற் புதியதொன்றைக் கட்டுவதினும் பெட்டி வைத்தல் எளிது, பாதுகாப்பும் மிகுதி. 12 வோல்ற்றும் பற்றரியும் உடைய பழைய பெருவண்டிகளுக்கே இவ்வுரை.

பெட்டி வைத்தோர் இரண்டு பொருளை இருக்கையின் அடியில் எப்போதும் வைத்திருத்தல் நன்று. ஒன்று, இடையில் உருகி கோத்து இருமுனையிலும் கவ்வி பூட்டிய மூன்று முழக் கம்பி. பெட்டி செயலிழந்தால் தீப்பொறிச் சுருளுக்குச் செல்லும் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றி, இக்கம்பியால் பற்றரியோடு நேரே தொடுத்து, பகற்பொழுதாயின் வீடு வந்து சேரலாம். மற்றது, தம் கையால் வரைந்த சுற்றுப்படம். நீர் புகாத உறையிலிட்டு, கம்பியின் நிறங்களைத் தமிழிலே தெளிவாக எழுதியது. கழற்றிய பழைய தொகுதியையும் வீசிவிடாமல், இணைப்பிகளிற் சீட்டுக் கட்டிச் சாக்கொன்றிற் சுற்றி வைக்க.